புஸ்ரா: ஐம்பது முட்டைக் கோழியின் மதிப்பு

மும்பையில் குர்லா மேற்கின் பைல் பஜார் பக்கமோ கிழக்கின் நேரு நகர்ப் பக்கமோ எந்தக் கோழிக்கடைக்குப் போனாலும் இரண்டு விலை சொல்வார்கள். வெள்ளை பிராய்லருக்கு ஒரு விலை. பக்கத்துக் கூண்டில் சிவப்பும் கறுப்புமாக நிற்கும் நிறக்கோழிக்கு அதைவிட மிகக் கூடுதலாக இன்னொரு விலை. மராட்டியர்கள் அதைக் ‘காவ்ட்டி’ என்று கேட்டு வாங்குவார்கள். தமிழ்க் குடும்பங்கள் நாட்டுக்கோழி என்று வாங்கும். சிராவண விரதம் தொடங்குவதற்கு முன்வரும் கட்டாரி நாளில் மராட்டிய வீடுகளில் கோம்படி வடே செய்ய இந்தக் கோழிதான் வேண்டும். தாராவியிலும் குர்லாவிலும் இருக்கும் திருநெல்வேலிக் குடும்பங்கள் ஊர்க்கோயில் கொடைக்கு நேர்ந்துகொண்டாலும் இதுதான் வேண்டும். சுடலைமாடனுக்கு பிராய்லரை யாரும் நேர்வதில்லை.

அந்தக் கூண்டில் நிற்பவற்றில் பெரும்பாலானவை ஊர்க்கோழிகள் அல்ல. இறைச்சிக்காகவே கலப்பு செய்து, கொட்டகையில் தீவனம் போட்டு, நிறத்துக்காக விற்கப்படும் கோழிகள். முட்டைக்காலம் முடிந்து பண்ணை கழித்த கோழிகளும் அவற்றோடு கலந்து வரும். நகரம் நாட்டுக்கோழிக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு நாட்டுக்கோழியைப் போய்ச் சேர்வதில்லை. இந்த நகரம் எந்த மாநிலத்தின் தலைநகரோ, அதே மாநிலத்தின் வடக்கு எல்லையில் பல தலைமுறைகளாக வீட்டு முற்றங்களில் வளரும் ஓர் அசல் இனம் இருக்கிறது. அதன் பெயர் புஸ்ரா. மும்பையில் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் மிகக் குறைவு.

இந்திய நாட்டுக்கோழி இனங்களை நாம் தவறான அளவுகோலால் அளக்கிறோம் என்பதற்குப் புஸ்ரா நல்ல சான்று. ஆண்டுக்கு எத்தனை முட்டை, எத்தனை கிலோ என்று மட்டும் எண்ணினால் அது தோற்ற இனம். தன்னைத் தானே மறுபடி உண்டாக்கிக்கொள்ளும் ஆற்றலையும் கணக்கில் சேர்த்தால் அதற்கு ஈடாக எந்தப் பண்ணைக் கோழியும் நிற்காது. அதைச் சேர்க்காமல் போட்ட திட்டங்களும் இழப்பீடுகளும் இந்த இனங்களைக் கரைத்துவருகின்றன.

இனமும் இடமும்

புஸ்ராவின் தாயகம் மகாராஷ்டிரத்தின் நந்துர்பார், துளே மாவட்டங்களும் அவற்றை ஒட்டிய தெற்கு குஜராத்தும். 1998 வரை நந்துர்பார் துளேயின் ஒரு பகுதியாகவே இருந்தது. சாத்பூடா மலைத்தொடருக்கும் சகியாத்திரியின் வடக்கு முனைக்கும் இடைப்பட்ட நிலம் இது. பில், மாவ்சி, கோக்ணா முதலிய பழங்குடி மக்கள் மிகுதியாக வாழும் பகுதி. இதன் நடுவில் நவாபூர் என்ற சிற்றூர் இருக்கிறது. அதன் ரயில் நிலையத்தை மாநில எல்லைக்கோடே ஊடறுத்துச் செல்கிறது; நடைமேடையின் ஒரு பாதி மகாராஷ்டிரம், மறுபாதி குஜராத். புஸ்ராவும் அப்படியே இரு மாநிலங்களுக்கும் பொதுவானது. இந்தியாவின் கால்நடை இனங்களைப் பதிவுசெய்யும் தேசிய விலங்கின மரபு வளப் பணியகம் 1984இல் தொடங்கப்பட்டது; இப்போது ஹரியானாவின் கர்னாலில் இயங்குகிறது. அதன் கோழி இனப் பட்டியலில் புஸ்ரா இந்த இரு மாநிலங்களின் பெயராலேயே இடம்பெற்றிருக்கிறது.

பார்வைக்குச் சிறிய பறவை. வளர்ந்த சேவலும் பெட்டையும் ஏறத்தாழ ஒரு கிலோ எடைதான். உடலில் வெள்ளை மிகுந்திருக்கும்; கழுத்திலும் முதுகிலும் வாலிலும் கறுப்பு கலந்திருக்கும்; தோளிலும் இறக்கையிலும் செம்பழுப்பு படர்ந்திருக்கும். ஒரே நிறத்தில் ஒரு கூட்டத்தைப் பார்ப்பது அரிது. ஒற்றைக் கொண்டை, சிவந்த தாடி. ஆண்டுக்கு 40 முதல் 55 முட்டைகள். முட்டை 28 முதல் 38 கிராம், வெளிர் பழுப்பு ஓடு. பண்ணை முட்டை சராசரியாக 55 கிராம் இருக்கும் என்பதை நினைத்தால் இதன் அளவு புரியும்.

தமிழ் வாசகருக்கு இந்தப் பறவை அந்நியமாகத் தோன்றாது. நம் ஊர்ப்பக்கம் சிறுவிடை என்று சொல்லும் கோழியின் உடல்வாகும் குணமும் இதற்கு மிக அருகில் வருகின்றன. சண்டைச்சேவல் மரபில் வந்த பெருவிடைக்குச் சங்க காலம் தொட்டுப் புகழ் உண்டு. உறையூருக்கே கோழி என்று ஒரு பெயர் இருந்தது. விழுப்புரத்துக்கு அருகே அரசலாபுரத்தில் சண்டையில் மடிந்த ஒரு சேவலுக்கு நடுகல் நட்டிருக்கிறார்கள். அது சுமார் 1500 ஆண்டுப் பழமையானது. சிறுவிடைக்கு அப்படிக் கல்லும் இல்லை, பாட்டும் இல்லை. ஆனால் வீட்டை நடத்தியது அதுதான். பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்த கோழியும், அடுப்படி மூலையில் கூடையில் அடைகாத்த கோழியும் பெரும்பாலும் சிறுவிடையே. புஸ்ராவும் அந்த வகையில் சேர்ந்தது.

ஐம்பது முட்டையின் கணக்கு

ஒரு கூண்டுக்கோழி ஆண்டுக்கு 300 முட்டைக்கு மேல் இடுகிறது. புஸ்ரா 50. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்தவுடன் முடிவு தெரிந்துவிட்டதைப் போலத் தோன்றும். ஆனால் புஸ்ராப் பெட்டையின் ஓராண்டை நாள்வாரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஓர் ஈட்டுக்கு 14 முட்டை என்று கொள்வோம். இடையிடையே ஒருநாள் விட்டு இடுவதால் அதற்கு ஏறத்தாழ 20 நாள் ஆகும். பிறகு பெட்டை அடையில் உட்காரும், 21 நாள். குஞ்சு பொரித்தபின் அவற்றைக் கூட்டிக்கொண்டு மேய்வதற்கும், பருந்துக்கும் கீரிக்கும் காவல் நிற்பதற்கும், இரவில் இறக்கைக்குள் வைத்துச் சூடு கொடுப்பதற்கும் சுமார் 65 நாள். குஞ்சுகளைக் கொத்தி விலக்கிவிட்டு உடல் தேற இன்னும் 15 நாள். ஒரு சுற்றுக்கு 121 நாள். ஆண்டுக்கு மூன்று சுற்று என்றால் 363 நாள், 42 முட்டை. பதிவில் இருக்கும் 40 முதல் 55 என்ற எண்ணின் பொருள் இதுதான். ஆண்டில் 60 நாள் மட்டுமே அது முட்டையிடும் கோழி. மீதி நாட்களில் பெரும்பகுதி அது அடைகாக்கும் பொறியாகவும் குஞ்சுக் கொட்டகையாகவும் காவலாளாகவும் வேலை செய்கிறது.

அடை உட்காருவதற்குப் புரோலாக்டின் என்ற சுரப்பு காரணம். அது கூடும்போது சினைப்பை சுருங்குகிறது, முட்டை நின்றுவிடுகிறது, பறவை கூட்டைவிட்டு எழ மறுக்கிறது. நாளுக்கு ஒருமுறை சிறிது நேரம் இறங்கி இரை பொறுக்கித் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிவிடும். உடல் எடை குறையும். வயிற்றுத் தோலின் சூட்டை முட்டைக்குக் கொடுத்து, அலகால் அவ்வப்போது புரட்டிப் போடும். இருபதாம் நூற்றாண்டின் முட்டைப்பண்ணைத் தொழில் இந்தக் குணத்தைத் திட்டமிட்டுக் களைந்தது. அடையில் உட்காரும் ஒவ்வொரு நாளும் முட்டை இல்லாத நாள் என்பதால் அடைகாக்காத தாய்களின் மகள்களையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தார்கள். 300 முட்டை என்பது அப்படி வந்த எண். அந்தக் கோழியால் தன் குஞ்சைத் தானே பொரிக்க முடியாது. மின்சாரமும் பொரிப்பகமும் தீவன ஆலையும் தடுப்பூசிச் சங்கிலியும் இல்லாமல் அது ஒரு தலைமுறையைக்கூடத் தாண்டாது.

நம் பாட்டிமாருக்கும் அடையின் விலை தெரிந்திருந்தது. குஞ்சு வேண்டாத பருவத்தில் அடைக்கோழியைத் தண்ணீரில் முக்கி எடுப்பார்கள். மூக்குத் துளையில் இறகைச் செருகிவிடுவார்கள். அடை கலைந்து மறுபடி முட்டைக்கு வரும். குஞ்சு வேண்டிய பருவத்தில் விளக்கு வெளிச்சத்தில் முட்டையைப் பார்த்துக் கூமுட்டையைக் கழித்துவிட்டு, கூடையில் வைக்கோல் பரப்பி, கரித்துண்டும் இரும்பும் போட்டு அடை வைப்பார்கள். எப்போது முட்டை, எப்போது குஞ்சு என்ற முடிவு அந்த வீட்டுப் பெண்ணின் கையில் இருந்தது. அடைகாக்காத கோழி வந்தால் அந்த முடிவு அவள் கையைவிட்டுப் போகிறது.

வரவையும் பார்ப்போம். 42 முட்டையையும் அடை வைத்தால், பத்துக்கு எட்டு பொரியும் என்ற வழக்கப்படி 33 குஞ்சு கிடைக்கும். பருந்து, பூனை, மழை, நோய் என்று பாதி போனாலும் 16 பறவைகள் தேறும். இதற்குத் தீவனச் செலவு ஏறக்குறைய இல்லை. களத்தில் சிந்திய தானியம், கறையான், புழு, கஞ்சி வடித்த மீதி ஆகியவையே தீனி. கூண்டுக்கோழி நாளுக்கு 110 கிராம் வீதம் ஆண்டுக்கு 40 கிலோ தீவனத்தை விலைக்கு வாங்கித் தின்கிறது. கையில் பணமில்லாத வீட்டுக்கு இந்த இரண்டில் எது லாபம் என்று விளக்க வேண்டியதில்லை.

யாருடைய கோழி

நந்துர்பாரின் மலைக்கிராமங்களில் கோழி பெண்களின் பொறுப்பு. நிலம் ஆண் பெயரில் இருக்கும், மாடு குடும்பத்துடையது, கோழி விற்ற காசு பெரும்பாலும் அவளிடம் நிற்கும். வாரச்சந்தைக்கு இரண்டு கோழியைக் காலைக் கட்டித் தூக்கிப் போனால் எண்ணெயும் உப்பும் பிள்ளையின் நோட்டுப் புத்தகமும் திரும்பி வரும். இடம்பெயர்ந்து கரும்பு வெட்டப் போகும் பருவத்துக்கு முன் விற்றுக் கைச்செலவுக்கு வைத்துக்கொள்ளக் கூடிய சொத்தும் அதுதான். தமிழ்நாட்டின் வானம்பார்த்த பகுதிகளிலும் இதே கதை. பெட்டைக்கோழியை வாரத்துக்குக் கொடுத்து, இறங்கும் குஞ்சில் பங்கு பிரித்துக்கொள்ளும் வழக்கம் பெண்களுக்குள் நடந்த ஒரு கடன் ஏற்பாடு. வட்டி பணமாக இல்லாமல் குஞ்சாக வந்தது.

வழிபாடும் இதைத் தாங்கி நிற்கிறது. சாத்பூடாப் பகுதிப் பழங்குடியினர் யாஹாமோகி என்று வணங்கும் தேவ்மோக்ரா மாதாவுக்கு மகாசிவராத்திரியை ஒட்டி நடக்கும் விழாவில் புதுத் தானியத்தோடும் இலுப்பைச் சாராயத்தோடும் கோழியையும் படைப்பார்கள். படையலுக்கு ஊர்ச்சேவல் வேண்டும் என்பதால் ஒவ்வொரு வீடும் ஒரு சேவலையாவது விற்காமல் வைத்திருக்க நேர்கிறது. சேவலை வைத்திருக்க வேண்டும் என்ற இந்தக் கட்டாயம் இனத்தைக் காப்பதில் எவ்வளவு முக்கியம் என்பதைப் பின்னால் ஒரு கணக்கில் காணலாம்.

2006, நவாபூர்

2006 பிப்ரவரி 18 அன்று இந்தியாவில் முதன்முறையாகப் பறவைக்காய்ச்சல் உறுதிசெய்யப்பட்டது. போபாலில் உள்ள உயர்பாதுகாப்பு விலங்குநோய் ஆய்வகம் எச்5என்1 கிருமி என்று சொன்னது. இடம் நவாபூர். புஸ்ராவின் தாயகத்தின் நடுப்பகுதி. அங்கே அதற்குள் பெரிய முட்டைப்பண்ணைகள் பெருகியிருந்தன. கோழிகள் கூட்டம் கூட்டமாகச் செத்து விழுந்தன. பாதுகாப்பு உடை அணிந்த குழுக்கள் இறங்கி லட்சக்கணக்கான பறவைகளைக் கொன்று குழிகளில் புதைத்தன. அடுத்த மாதம் ஜல்காவ் மாவட்டத்திலும் அதுவே நடந்தது. மும்பையில் கோழிக்கடைகள் வெறிச்சோடின. ரயில்வே தன் உணவுப் பட்டியலிலிருந்து கோழியை எடுத்தது.

நோய்த்தடுப்பு விதிப்படி, நோய் கண்ட வட்டத்துக்குள் இருக்கும் எல்லாக் கோழிகளையும் அழித்தாக வேண்டும். பண்ணைக் கோழியோடு முற்றத்துக் கோழியும் சேர்ந்துதான் போகும். இந்த நடவடிக்கையைக் குறைசொல்ல முடியாது. நாட்டுக்கோழிக்கு இந்தக் கிருமி தொற்றாது என்று நம்புவது ஆபத்தான மூடநம்பிக்கை. எச்5என்1 அதையும் கொல்லும், அதைத் தொடும் மனிதரையும் கொல்லக் கூடும். குறை அழிப்புக்குப் பிறகு நடப்பதில் இருக்கிறது. இழப்பீடு தலைக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படுகிறது. பண்ணைக்காரருக்கு அந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். தடை நீங்கியதும் அதே இனக் குஞ்சைப் பொரிப்பகத்திலிருந்து ஆயிரக்கணக்கில் இறக்கிக்கொள்ளலாம். முற்றத்துப் பெட்டையை இழந்தவளுக்கு அதே கோழியைத் திருப்பித் தர எந்தப் பொரிப்பகமும் இல்லை. அவள் கைக்கு வரும் பணத்தில் வாங்கக் கிடைப்பது வேறு கோழி. ஓர் இனத்தின் தாயகத்தில் நோய் வரும்போது பறவைக்கு இழப்பீடு உண்டு, இனத்துக்கு இல்லை.

2021 தொடக்கத்தில் நவாபூரில் மறுபடி பறவைக்காய்ச்சல் வந்தது. மறுபடி லட்சக்கணக்கில் அழிப்பு. ஒரே வட்டாரத்தில் பதினைந்து ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை. பண்ணைகள் நெருங்கியிருக்கும் நிலத்தில் இது மூன்றாம் முறையும் வரலாம். புஸ்ராவுக்குத் தாயகத்துக்கு வெளியே ஒரு காப்புக்கூட்டம் வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

இப்படிச் செய்தவர்கள் உண்டு. நிக்கோபார் தீவுகளுக்கே உரிய நிக்கோபாரிக் கோழி குட்டைக்கால் கொண்டது. நாட்டுக்கோழிகளில் மிக அதிகம் முட்டையிடுவது. 2004 ஆழிப்பேரலை அந்தத் தீவுகளின் மக்களையும் கால்நடைகளையும் வாரிக்கொண்டு போனது. அன்று போர்ட் பிளேர் எனப்பட்ட ஊரில் இருந்த மத்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் அந்த இனத்தை வளர்த்து வந்ததால் அதன் கால்வழி தாயகத்துக்கு வெளியேயும் இருந்தது. அலைக்குப் பொருந்திய பாடம் கிருமிக்கும் பொருந்தும்.

நல்லெண்ணத்தால் வரும் கேடு

2019இல் எடுக்கப்பட்ட இருபதாவது கால்நடைக் கணக்கெடுப்பு இந்தியாவில் 85 கோடிக் கோழியினப் பறவைகள் இருப்பதாகக் காட்டியது. அதில் 31.7 கோடி புறக்கடைப் பறவைகள். முந்தைய கணக்கெடுப்பைவிட 45.8 சதவீதம் கூடுதல். மகிழ வேண்டிய செய்திதான். ஆனால் புறக்கடைக் கோழி பெருகுவதும் நாட்டின இனங்கள் பெருகுவதும் ஒன்றல்ல. இந்த வளர்ச்சியில் மேம்படுத்தப்பட்ட கோழிகளுக்குப் பெரும்பங்கு உண்டு.

பெங்களூர் ஹெப்பாலில் உருவான கிரிராஜா, ஹைதராபாத்தின் கோழி ஆராய்ச்சி இயக்ககம் உருவாக்கிய வனராஜா, கிராமப்பிரியா ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. பலநிற இறகு, வேகமான வளர்ச்சி, ஆண்டுக்கு நூறு முட்டைக்கு மேல். இவற்றை உருவாக்கிய விஞ்ஞானிகள் ஏழை வீட்டுக்குப் புரதமும் காசும் சேர வேண்டும் என்ற அக்கறையில் உழைத்தவர்கள். அந்தக் கோழிகளால் பயன் பெற்ற குடும்பங்கள் ஏராளம். தேசிய கால்நடை இயக்கம் வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பங்களுக்குத் தலா 45 கோழிக்குஞ்சு வீதம் தவணைகளில் கொடுத்தது. மும்பையிலேயே ஆரே பால் காலனிக்குள் மத்திய அரசின் கோழி வளர்ப்பு மேம்பாட்டு நிறுவனத்தின் மேற்கு மண்டலப் பண்ணை இருக்கிறது.

மேம்படுத்தப்பட்ட கோழிகளோடு இரண்டு சிக்கல்கள் வருகின்றன. முதலாவது, இந்தக் கோழிகள் அடை உட்காருவதில்லை. ஒரு தலைமுறை தீர்ந்ததும் குஞ்சுக்கு மறுபடி அரசு அலுவலகத்துக்கோ வியாபாரிக்கோ போக வேண்டும். உடல் பருத்திருப்பதால் பருந்தைக் கண்டு பாய்ந்தோடுவதிலும் மரத்தில் ஏறி அடைவதிலும் சிறுகோழியின் சுறுசுறுப்பு இவற்றுக்கு இல்லை. இரண்டாவது சிக்கல் இன்னும் ஆழமானது. கொடுக்கப்பட்ட சேவல் ஊர்ப்பெட்டையோடு சேர்கிறது. பிறக்கும் குஞ்சு முதல் தலைமுறையில் பெரிதாகவே இருக்கும்; வீட்டுக்காரி மகிழ்வாள். நாலைந்து தலைமுறையில் அந்த ஊரில் அசல் புஸ்ரா என்று சொல்ல ஒரு கோழி இருக்காது. யாரும் எதையும் கொல்லவில்லை. இனம் கரைந்து போயிருக்கும்.

தீர்வு எளியது. பதிவுபெற்ற நாட்டினத்தின் தாயக வட்டங்களில் வேற்றினச் சேவலைக் கொடுக்கக் கூடாது. மேம்படுத்தப்பட்ட கோழியைக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் பெட்டையை மட்டும் கொடுக்கலாம். அது அடைகாக்காததால் அதன் இரத்தம் ஊர்க்கூட்டத்தில் பரவுவது பெருமளவு குறையும். அதைவிடச் சிறந்தது, அதே பணத்தைப் புஸ்ராவிலேயே நல்ல வழிகளைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கச் செலவிடுவது.

ஒரு வீட்டால் ஆகாது, ஓர் ஊரால் ஆகும்

ஓய்வுபெற்ற பிறகு ஊருக்குப் போய் நாட்டுக்கோழி வளர்க்கப் போகிறேன், இனத்தைக் காக்கப் போகிறேன் என்று சொல்பவர்கள் குர்லா, செம்பூர்த் தமிழர்களில் பலர் உண்டு. நல்ல எண்ணம். ஆனால் இனக்காப்பு ஒரு வீட்டுக்குள் நடக்காது. அதை மரபியல் கணக்கு துல்லியமாகக் காட்டுகிறது.

ஒரு கூட்டத்தில் எத்தனை பறவை இருக்கிறது என்பதைவிட, எத்தனை சேவலும் பெட்டையும் அடுத்த தலைமுறைக்குத் தம் பங்கைக் கொடுக்கின்றன என்பதே முக்கியம். சேவல் எண்ணையும் பெட்டை எண்ணையும் பெருக்கி, அதை நான்கால் பெருக்கி, மொத்த எண்ணால் வகுத்தால் பயனுறு எண்ணிக்கை வரும். ஒரு சேவல், பத்துப் பெட்டை உள்ள வீட்டில் 11 பறவைகள் இருந்தாலும் பயனுறு எண்ணிக்கை 3.6 மட்டுமே. இதன்படி தலைமுறைக்கு ஏறத்தாழ 14 சதவீதம் உறவுக்கலப்பு ஏறும். மூன்று நான்கு தலைமுறைக்குள் கூமுட்டை கூடும், குஞ்சு நலியும், நோய் தாக்கும்.

அதே அளவில் பத்து வீடுகள் சேவலை மாற்றிக்கொண்டு ஒரே கூட்டமாக நடந்தால் 10 சேவல், 100 பெட்டை. பயனுறு எண்ணிக்கை 36. உறவுக்கலப்பு தலைமுறைக்கு 1.4 சதவீதமாக இறங்கும். பயனுறு எண்ணிக்கை 50க்குக் குறையக் கூடாது, அதாவது உறவுக்கலப்பு ஒரு சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு சொல்லும் வரம்பு. அதற்கு 14 வீடுகள் போதும், ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சேவலும் பத்துப் பெட்டையும் இருந்தால். ஒரு தெரு அளவு. வேலி தாண்டித் திரியும் சேவலும், மகளுக்குச் சீராகப் போன பெட்டையும், வாரத்துக்குக் கைமாறிய கோழியும் நூற்றாண்டுகளாகச் செய்துவந்தது இந்த வேலையைத்தான்.

இந்தக் கணக்கில் சேவலின் பங்கைக் கவனிக்க வேண்டும். பெட்டையை இரட்டிப்பாக்கினாலும் எண் அதிகம் ஏறாது. ஒரு சேவலைக் கூட்டினால் ஏறும். நகரச் சந்தை எடுத்துக்கொண்டு போவது சேவலையே. அதிலும் எடை கூடியதை, மினுமினுப்பானதை, வேகமாக வளர்ந்ததை வியாபாரி முதலில் பொறுக்குகிறார். ஊரில் மிஞ்சுவது விலைபோகாதது. அதுதான் அடுத்த தலைமுறைக்குத் தகப்பன். ஆண்டுதோறும் இப்படி நடந்தால் நகரத்தின் பண்டிகைத் தேவையே இனத்தைச் சிறுக்க வைக்கும். சாமிக்கு என்று ஒரு சேவலை விற்காமல் வைத்த வழக்கம் இதற்கு எதிராக ஓரளவு நின்றது. அந்த இடத்தில் இப்போது நாம் ஒரு நெறியை வைத்தாக வேண்டும்: ஈட்டில் சிறந்த சேவல் விற்பனைக்கில்லை.

இழந்தபின் தெரியும் மதிப்பு

பயன் என்ன என்று தெரியாத மரபணுவை ஏன் காக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்குக் கோழியின் வரலாறே பதில் சொல்கிறது. வீட்டுக்கோழியின் மூதாதை செங்காட்டுக்கோழி. தென்கிழக்காசியாவில் மனிதரோடு பழகிய அந்தக் கோழி நெல்லும் தினையும் விளைந்த களங்களைத் தேடி ஊருக்குள் வந்தது என்று 2022இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. மத்தியத் தாய்லாந்தின் பான் நோன் வாட் என்ற இடத்தில் கிடைத்த, கிமு 1650–1250 காலத்து எலும்புகள் அதற்குச் சான்று. ஆனால் உலகத்துப் பண்ணைக்கோழிகளில் பெரும்பாலானவற்றுக்கு இருக்கும் மஞ்சள் தோல் செங்காட்டுக்கோழியிடமிருந்து வரவில்லை. அந்த மரபணு சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்பதை 2008இல் சுவீடன் விஞ்ஞானிகள் தலைமையிலான குழு நிறுவியது. சாம்பல் காட்டுக்கோழி இந்தியத் தீபகற்பத்துக்கே உரியது. சகியாத்திரிக் காடுகளில் இன்றும் கூவுகிறது. இந்த நிலத்தில் எங்கோ ஒரு முற்றத்துப் பெட்டை காட்டுச்சேவலோடு சேர்ந்ததன் விளைவு அமெரிக்கக் கசாப்புக்கடை வரை போயிருக்கிறது.

இறைச்சிக்கோழியின் கதையும் அப்படியே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கார்ன்வாலுக்குப் போன இந்திய அசில் சண்டைச்சேவல்களிலிருந்து அகன்ற மார்புள்ள கார்னிஷ் இனம் உருவானது. 1948இல் அமெரிக்காவில் நடந்த ‘நாளைய கோழி’ போட்டியில் வென்றது கார்னிஷ் கலப்பு. இன்றைய பிராய்லரின் தகப்பன் வழி அங்கிருந்து வருகிறது. குர்லாக் கடையின் வெள்ளைக் கோழியின் மார்புக் கறியில் நம் பெருவிடையின் உறவுமுறை இருக்கிறது. அன்று அசிலை வளர்த்த யாரும் இந்தப் பயனை எதிர்பார்த்திருக்க முடியாது. வெயில் கூடிவரும் இந்த நூற்றாண்டில், நாற்பது டிகிரிக் கோடையில் நந்துர்பார் வெட்டவெளியில் மேய்ந்து குஞ்சு பொரிக்கும் சிறுகோழியின் உடம்பில் என்ன இருக்கிறது என்பதை நாளைய ஆய்வு சொல்லும். அதுவரை அது உயிரோடு இருக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

முதலில் வெள்ளைக்கழிச்சலை நிறுத்த வேண்டும். முற்றத்துக் கோழியின் பெரிய எதிரி பறவைக்காய்ச்சல் அல்ல, ஆண்டுதோறும் வரும் இந்த நோய். 1927இல் குமாவுன் மலையின் ராணிக்கேத்தில் அடையாளம் காணப்பட்டதால் ராணிக்கேத் நோய் என்ற பெயர் இதற்கு உண்டு. ஓர் ஊரின் கோழிகளை ஒரே வாரத்தில் துடைத்துவிடும். தடுப்பு மருந்து மலிவானது. ஆனால் குளிர்பெட்டியில் ஆயிரம் கோழிக்கான குப்பியாக வரும் மருந்து பத்துக் கோழி வைத்திருப்பவளுக்கு எட்டாது. இதற்கும் வழி கண்டிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் உருவான, வெப்பம் தாங்கும் ஐ-2 மருந்து ஆப்பிரிக்கக் கிராமங்களில் பயன்படுகிறது. தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் தீனியோடு கொடுக்கும் குறுணை மருந்தைச் செய்திருக்கிறது. 45 குஞ்சு கொடுக்கும் செலவில் ஓர் ஊருக்கே பல ஆண்டு மருந்து கொடுக்கலாம். இருக்கும் குஞ்சு சாகாமல் இருந்தால் புதுக் குஞ்சு தேவைப்படாது.

இரண்டாவது, தாயகத்தின் நவாபூர், சாக்ரி வட்டங்களுக்கு வெளியே குறைந்தது இரண்டு இடங்களில் புஸ்ராவின் காப்புக்கூட்டம். ஆரே பண்ணை இருக்கும் மும்பை அதற்குத் தகுந்த இடங்களில் ஒன்று. பறவைக்காய்ச்சல் அழிப்பு நடந்தால், இழப்பீட்டுப் பணத்தோடு ஆறு மாதத்தில் அதே இனப் பெட்டையும் சேவலும் திரும்பத் தரும் பொறுப்பும் விதியில் சேர வேண்டும்.

மூன்றாவது, சந்தை. மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவாப் பகுதிக் கடக்நாத் கோழிக்கு 2018இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயர் விலையைத் தூக்கியது. புஸ்ராவுக்கும் அந்தத் தகுதி உண்டு. ஆனால் விலை ஏறும்போதே சேவல் விதியையும் வைத்தாக வேண்டும். இல்லையென்றால் புகழே அதைத் தின்றுவிடும். இறைச்சியைவிட அடைமுட்டையையும் இளம்பெட்டையையும் விற்பது ஊருக்கு லாபம், இனத்துக்கும் பாதுகாப்பு.

குர்லாவில் இருப்பவர்கள் செய்யக் கூடியதும் இருக்கிறது. காவ்ட்டி என்று விற்பவரிடம் எந்த ஊர், எந்த இனம் என்று கேட்க வேண்டும். பதில் இல்லாத கோழிக்கு இரட்டை விலை கொடுப்பதை நிறுத்த வேண்டும். லோக்மான்ய திலக் முனையத்தில் கோயம்புத்தூர் ரயிலேறி ஊர் போகும் குடும்பங்கள், அங்கே தனியாக ஒரு பண்ணை போடுவதற்குப் பதிலாகப் பதினாலு வீட்டைச் சேர்த்துச் சிறுவிடைக்கு ஒரு தெருக்கூட்டம் அமைக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை சேவலை மாற்றிக்கொள்வது, சிறந்த சேவலை விற்காமல் வைப்பது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழிச்சலுக்கு மருந்து கொடுப்பது, அடைக்கோழியைக் கலைக்கும் முன் ஓர் ஈட்டையாவது பொரிக்க விடுவது ஆகியவை போதும். ஆராய்ச்சி நிலையம் வேண்டாம், மானியம் வேண்டாம்.

முட்டையை எண்ணும் கணக்கேட்டில் இனி ஒரு பத்தி கூட வேண்டும்: இந்தக் கோழி தன் குஞ்சைத் தானே பொரிக்குமா? அதற்கு ஆம் என்று எழுதக் கூடிய ஒவ்வோர் இனமும் ஏழை வீட்டின் சொந்த உற்பத்திச் சாதனம். அதை அவள் கையில் விட்டுவைக்கும் திட்டமே நல்ல திட்டம்.